31 ஆண்டு கிடங்கில் தூங்கிய கச்சேரி!
"கலாட்டா கோஷ்டி"க்கு கிடைத்தது நல்ல பேர்

"இன்னிக்கு பாட்டா, கலாட்டாவா?"

அமெரிக்காவின் 'ரீபிளேஸ்மென்ட்ஸ்' ராக் கோஷ்டியின் கச்சேரிக்கு டிக்கெட் வாங்கியவர்களுக்கு 1980களில் இதுதான் கவலை!

மினியாபோலிஸ் நகரத்துப் பையன்கள் நாலு பேர். பாடகர் பால் வெஸ்டர்பெர்க். டிரம்ஸ் கிறிஸ் மார்ஸ். கிடார் பாப் ஸ்டின்சன். பேஸ் கிடார், அவரது தம்பி டாமி. பள்ளிக்கூடம் போகிற வயசில் தம்பி தெருவில் கெட்டுப்போகக் கூடாதே என்று கையில் கிடாரைக் கொடுத்தவர் அண்ணன்தான்.

டேப் பறிமுதல்

நன்றாகப் பாடுவார்கள். ஆனால் தண்ணி போட்டுவிட்டு ஏறினால் ஒரு பாட்டும் உருப்படாது. பாதியில் நிறுத்துவார்கள், அடுத்தவர் பாட்டுக்குத் தாவுவார்கள்.

1984 நவம்பரில் ஓக்லஹோமா சிட்டியில் ஒரு ரசிகர் கச்சேரியைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தார். கோஷ்டி ஆட்கள் டேப்பைப் பிடுங்கினார்கள். அதோடு விட்டார்களா? 1985-ல் அதையே கேசட்டாகப் போட்டு விற்றார்கள்!

1986 ஜனவரியில் 'சாட்டர்டே நைட் லைவ்' டி.வி. நிகழ்ச்சி. நாடே பார்க்கும்போது வெஸ்டர்பெர்க் வாயிலிருந்து ஒரு கெட்ட வார்த்தை. கோஷ்டியின் பேர் இன்னும் கெட்டது.

அந்த ஒரு ராத்திரி

மூன்று வாரம்கூட ஆகவில்லை. பிப்ரவரி 4. நியூயார்க்குக்கு எதிர்க்கரையில் உள்ள ஹோபோக்கன் ஊரில் 'மேக்ஸ்வெல்ஸ்' என்ற சின்ன விடுதி. 'சயர்' இசைத்தட்டுக் கம்பெனி ஒலிப்பதிவு வண்டியையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தியது.

கோஷ்டி வெளுத்து வாங்கியது. மொத்தம் 29 பாட்டு! சொந்தப் பாட்டுகளோடு பீட்டில்ஸ், கிஸ் கோஷ்டிகளின் பாட்டுகளும் உண்டு.

ஆனால் ஆல்பம் வரவில்லை. டேப் கிடங்குக்குப் போனது. அதே 1986-ல் பாப் ஸ்டின்சன் கோஷ்டியிலிருந்து நீக்கப்பட்டார். குடியும் போதையும் அவரை விடவில்லை. 1995-ல், 35 வயசில் காலமானார்.

விமர்சகர்கள் பாராட்டு

2017 அக்டோபர் 6. 'ஃபார் சேல்' (விற்பனைக்கு) என்ற பேரில் இரட்டை இசைத்தட்டாக அந்தக் கச்சேரி கடைக்கு வந்தது.

விமர்சகர்கள் பாராட்டித் தள்ளினார்கள். 'ஏனோதானோ கோஷ்டி' என்று பேரெடுத்தவர்கள் மனசு வைத்தால் எப்படி வாசிப்பார்கள் என்பதற்குச் சாட்சி கிடைத்துவிட்டதே!

பழைய ரசிகர்களுக்கு இரட்டிப்பு சந்தோஷம். "அந்தக் காலத்தில் நேரில் கேட்டிருக்கணும்" என்று இவர்கள் சொன்னால் பிள்ளைகள் நம்பவா போகிறார்கள்? பாப் இருந்த காலத்துக்கு, அந்த இரைச்சல் கேசட்டை விட்டால் மேடைப் பதிவு எதுவும் அதுவரை முறையாகக் கடைக்கு வந்திருக்கவில்லை.

இதில் அவர் கிடார் தெளிவாகக் கேட்கிறது. சீறுகிறது, வழுக்குகிறது, எங்கோ போய்விட்டுச் சரியான இடத்தில் வந்து சேருகிறது. அந்தப் பழைய கேசட்டையும் இதையும் அடுத்தடுத்துக் கேட்டால், "அவங்களா இவங்க?" என்று கேட்கத் தோன்றும். சாட்சாத் அதே நாலு பேர்தான்!

இன்னொரு விசேஷம். இசைத்தட்டு வெளியான அன்று தம்பி டாமிக்கு 51-வது பிறந்த நாள். 19 வயசில் அண்ணன் பக்கத்தில் நின்று வாசித்த அந்தக் கச்சேரி, அன்றுதான் ஊரார் காதுக்குப் போய்ச் சேர்ந்தது.