மூதாட்டியரும் சூனியப் பழியும்

நைஜீரியா தேசத்தின் தென்கீழ்ப் பகுதியில் வாழும் இக்போ மக்கள் சூனியக்காரியை ‘அமுசு’ என்பர். இளைஞரொருவர் அகால மரணமடையின், அவர் ஆயுளைக் கவர்ந்தே தான் நெடுநாள் வாழ்கின்றாளென, ஆதரவற்ற கைம்பெண்ணாகிய மூதாட்டிமீது பழி சுமத்துதல் உண்டு. இரவில் எழுந்து திரிதல், தனக்குள் பேசுதல், உற்றாரை அறியாமை ஆகியன முதுமையில் வரும் மறதிநோயின் குறிகளாகலாம் என்பர் மருத்துவர்; அயலாரோ அவற்றை மாயவித்தைக்குச் சான்றாகக் கொள்வர். அவளது நிலத்தை விழையும் உறவினர்க்கும் இப்பழி வாய்ப்பாய் அமைவதுண்டு.

ஒருவரைச் சூனியக்காரரெனக் குற்றஞ்சாட்டுதல் நைஜீரியக் குற்றச் சட்டத்தின் 210-ஆம் பிரிவின்படி தண்டனைக்குரியது. 2021-இல் ஐக்கிய நாட்டு மனித உரிமைப் பேரவையும் இக்கொடுமையை ஒழிக்கத் தீர்மானம் இயற்றிற்று. ஆயினும், சுற்றத்தாரே பழி கூறுங்கால் அவளுக்காகச் சாட்சி பகர்வார் யாவர்? கிறிஸ்தவப் போதகர் சிலரும் இவ்வச்சத்தை வளர்ப்பது வருந்தத்தக்கது. மறதியை நோயென்று உணரும் அறிவே அம்மூதாட்டியர்க்கு முதல் அரணாம்.