நிற்காமல் போன வெள்ளம்

திண்ணையில் நாலு பெட்ஷீட், ரெண்டு பிளாஸ்டிக் குடம், ஒரு கட்டைப்பை நிறையப் பிரிக்காத பிஸ்கட் பாக்கெட். கூடவே யாரோ எங்கிருந்தோ அனுப்பிய ஒரு நைட்டி, அந்த வீட்டில் யாருக்கும் பொருந்தாத அளவில்.

“நல்ல மனசோடதான் குடுத்தாங்க தம்பி. வேணாம்னு எப்படிச் சொல்றது? ஆனா வூட்டுக்குள்ள ஒரு சொட்டுத் தண்ணி வரல. போனது கொல்லைதான்” என்றார் அந்த அக்கா.

தருமபுரி மாவட்டம் அரூர்ப் பக்கம், வாணியாற்றை ஒட்டிய கிராமம் அது. கொல்லை என்றால் இந்தப் பக்கம் வீட்டுப் பின்புறம் இல்லை, மானாவாரி மேட்டு நிலம். அவருடையது ஒன்றரை ஏக்கர், குச்சிக்கிழங்கு போட்டிருந்தார். கூட்டிப் போய்க் காட்டினார். வேலிக்கு நட்ட கருங்கல் கால்களில் பழைய மண் மட்டம் ஒரு செம்மண் கோடாக இன்னும் தெரிகிறது. கோட்டுக்குக் கீழே நாலு விரல் உயரத்துக்குக் கல் புதிதாக வெளியே வந்து நிற்கிறது. நிலத்தில் சரளைதான் மிச்சம். கிழங்குகள் பாதி வெளியே நீட்டிக்கொண்டிருக்க, அழுகிய வாடை இன்னும் போகவில்லை.

2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் அரூரில் 33 செ.மீ. மழை; பக்கத்து மாவட்டத்து ஊத்தங்கரையில் 50. தருமபுரிக்கு வருஷம் முழுக்கச் சேர்த்தாலே 90 செ.மீ. தேறாது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் கொட்டியது. கடலில் உருவான ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி, ஆடி அசைந்து உள்ளே வந்து செய்த வேலை. ஊத்தங்கரையில் சாலையோரம் நின்ற வேன்களும் கார்களும் உருண்டு போன வீடியோவைப் பார்க்காதவர்கள் குறைவு. அரூர்ப் பக்கத்துக் கொல்லைகளுக்கு அப்படி ஒரு வீடியோ வாய்க்கவில்லை.

வாய்க்கவும் வாய்க்காது. இது சரிவான ஊர். தண்ணீர் வந்த வேகத்தில் போய்விடும். ராத்திரி ஏரி கோடி போனது, ஓடை உடைத்தது, விடிந்து வெயிலும் வந்தது. மழை எல்லாம் தென்பெண்ணையில் சேர்ந்து, சாத்தனூர் அணையிலிருந்து 1,68,000 கன அடியாகத் திறந்துவிடப்பட்டு, விழுப்புரம், கடலூரில் வீடுகளை மூழ்கடித்தபோது உலகம் அந்தப் பக்கம் திரும்பியது. திரும்ப வேண்டியதுதான். அங்கே கழுத்தளவு தண்ணீரில் ஜனங்கள் நின்றார்கள். விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சியில் தண்ணீர் சூழ்ந்த குடும்பங்களுக்குத் தலா 2,000 ரூபாய் அறிவித்தது மாநில அரசு. புதுச்சேரியில் ரேஷன் அட்டைக்கு 5,000. மத்திய அரசு பேரிடர் நிதியில் 944.80 கோடியை விடுவித்தது. தருமபுரிக்குச் சேதத்தைப் பார்த்து நிவாரணம்.

“கோடு எங்கேயாவது போட்டுத்தானே சார் ஆகணும்? எல்லாருக்கும் கொடுக்கக் கஜானா எங்கே இருக்கு?” என்றார் கணக்கெடுப்புக்கு வந்துபோன ஒருவர். நியாயம்தான். ஆனால் கோடு எப்போதும் தண்ணீர் நின்ற இடத்தில்தான் விழுகிறது.

தானமும் அப்படித்தான். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் சாலையோரங்களில் பழைய துணி மலையாகக் கிடந்தது ஞாபகம் இருக்கும். கடற்கரைக்காரர்களுக்குத் தேவை வலையும் படகும். வந்தது கம்பளி ஸ்வெட்டர். இருபது வருஷம் கழித்தும் பெட்ஷீட்டை விட்டு நாம் நகரவில்லை. நிவாரண மேடையில் மைக் பிடிக்கிறவர் தகடூர் அதியமானையும் நெல்லிக்கனியையும் இழுக்காமல் இறங்குவதில்லை. அக்கா வீட்டில் மூன்று தடவை வரிசையில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்தார்களாம். “அந்தக் குடத்த ரெண்டு கையாலயும் புடிக்கச் சொன்னாங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

உருப்படியாக ஒன்றும் நடக்காமல் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வேலை செய்யும் ஊர்ப் பையன்கள் காசு சேர்த்து, சேறு மூடிய ஒரு கிணற்றைத் தூர் வாரி, மோட்டாருக்குக் காயில் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். யாரும் போட்டோ எடுக்கவில்லை. என்ன வேண்டும் என்று முதலில் போன் போட்டுக் கேட்டது அவர்கள்தான்.

எனக்கு அன்றிலிருந்து மனசில் ஓடுவது அந்த நாலு விரல் மண்தான். 2024இல் இருந்த பேரிடர் நிவாரண விதிகளில் எல்லாவற்றுக்கும் விலை இருந்தது. கறவை மாடு செத்தால் 37,500, ஆடு 4,000, கோழி 100. பயிர் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போயிருந்தால் பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500. அக்காவின் ஒன்றரை ஏக்கருக்குப் போட்டுப் பார்த்தால் ஐயாயிரத்துச் சொச்சம். அதுவும் பட்டா மாமனார் பேரில். அவர் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். வயலில் மூன்று அங்குலத்துக்கு மேல் மண் வந்து மேவினால் அள்ளிப்போட சிறு விவசாயிக்கு ஹெக்டேருக்கு 18,000 உண்டு. மலை சரிந்தோ ஆறு திசைமாறியோ நிலமே போய்விட்டால் 47,000. ஆனால் மேல்மண் மட்டும் வழித்துக்கொண்டு போனால்? நிலம் அங்கேயேதான் இருக்கிறது, சர்வே எண்ணும் மாறவில்லை. மண் வந்து விழுந்தவருக்கு அந்த விதிகளில் ஒரு கட்டம் உண்டு, மண்ணைப் பறிகொடுத்தவருக்கு இல்லை. பயிர் அடுத்த பட்டத்தில் வரும். அந்தச் செம்மண் சேர எத்தனை தலைமுறை ஆனதோ.

“மண்ணு எங்கயும் போயிடல தம்பி. அதோ, அந்த ஏரியிலதான் கெடக்குது” என்று கை காட்டினார். ஏரி வண்டலை விவசாயிகள் இலவசமாக எடுத்துக்கொள்ள அனுமதி இருக்கிறது. தாசில்தாரிடம் விண்ணப்பித்தால் போதும். புன்செய்க்கு ஏக்கருக்கு 90 கன மீட்டர் வரை. ஜேசிபி, டிராக்டர் வாடகை மட்டும் நம்முடையது. அவர் கொல்லையில் இருந்த மண்ணை அவரே மனு போட்டு, வாடகை கொடுத்துத் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

அதுவும் இப்போது முடியாது. ஏரி கரைதொட்டு நிற்கிறது, வற்றினால்தான் அள்ளலாம். “சித்திரைக்குள்ள வத்திடுமா?” என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். ஏரி வற்ற வேண்டும் என்று அந்த ஊரில் இதுவரை யாரும் நினைத்தது கிடையாது.