மணம் ஒன்று, பெயர் மூன்று

காது மந்தமானால் பக்கத்தில் இருப்பவர் கண்டுபிடித்துவிடுவார். மூக்கு மணம் அறியாமல் போனால், பல சமயம் உரியவருக்கே தெரிவதில்லை. தனி அறையில் சமைத்துச் சாப்பிடும் தொழிலாளிக்கு இது சின்ன விஷயமல்ல. சமையல் வாயுவுக்குச் சொந்த வாசனை கிடையாது. கசிந்தால் தெரியட்டும் என்றே எத்தில் மெர்காப்டன் என்ற நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். பார்க்கின்சன் என்னும் நடுக்குவாத நோயிலும், கை நடுங்குவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைவதுண்டு. 2020-ல் கோவிட் பரவியபோது காப்பி மணம்கூடத் தெரியாமல் திண்டாடியவர்கள் ஏராளம்.

கண்ணைச் சோதிக்க எழுத்துப் பலகை இருக்கிறது. மூக்குக்கு? அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் டோட்டி குழுவினர் 1984-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். சிறு புத்தகம், பென்சிலால் சுரண்டினால் மணம் எழும். மொத்தம் 40 மணங்கள். ஒவ்வொன்றுக்கும் நான்கு பெயர்கள் கொடுத்திருக்கும். ஒன்றைக் குறிக்க வேண்டும். குருட்டாம்போக்கில் குறித்தாலே சுமார் பத்து சரியாகிவிடும். ஐந்துகூடத் தேறாதவர் வேண்டுமென்றே தப்பாகக் குறிக்கிறார் என்று டாக்டர் சந்தேகிப்பார். நஷ்ட ஈட்டுக்காக நடிப்பவர்கள் அங்கேயும் உண்டு போலும்!

அந்த 40-ல் ரூட் பீர் பானமும், பூசணிக்காய்ப் பலகாரமும் வருகின்றன. ஆவக்காயும் சாம்பாரும் பழகிய மூக்கு என்ன செய்யும்? மோப்பம் சரியாக இருந்தும் ஃபெயிலாகும். இல்லாத நோய்க்கு மருந்து தேடும்படி ஆகும். இதனால்தான் ஜப்பானியர் எழுதும் மை, ஹினோக்கி மரம் என்று தங்கள் மணங்களைக் கொண்டே சோதனை அமைத்துக்கொண்டார்கள். நம் நாட்டில் டில்லி எய்ம்ஸ் டாக்டர்கள் பார்க்கின்சன் நோயாளிகளுக்காகப் பத்து மணங்கள் கொண்ட இந்தியச் சோதனையை உருவாக்கி, முடிவுகளை 2013-ல் வெளியிட்டார்கள். ஏலக்காய், மாம்பழம், வெட்டிவேர், கேவ்டா ஆகியவை அதில் உண்டு.

ஐதராபாத் போன்ற ஊரில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. பிரியாணியில் தெளிக்கும் கேவ்டாவைச் சார்மினார்ப் பக்கத்துக்காரர் உடனே சொல்லிவிடுவார். தெலுங்கருக்கு அது மொகலி புவ்வு. செகந்திராபாத் தமிழருக்கோ தாழம்பூ. சிறு வயதில் அக்காவின் சடையில் மணத்ததுதான். விடைத்தாளில் கேவ்டா என்று மட்டும் இருந்தால் அவர் விழிப்பார். மணத்தோடு பெயரையும் அவரவர் பாஷையில் தர வேண்டும்.

மோப்பம் குறைந்ததாகத் தோன்றினால் காது, மூக்கு, தொண்டை டாக்டரைப் பார்ப்பது நல்லது. சோதனையில் பெயர் வராவிட்டால், "மணம் தெரிகிறது, பெயர்தான் வரவில்லை" என்று வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். டாக்டருக்கு அவை இரண்டும் வெவ்வேறு பதில்கள்.