சூடு பட்ட சட்டங்கள்: பழைய பின்பால் இயந்திரங்களைச் செப்பனிடுவது பற்றி

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1930களிலிருந்து 1950களின் இறுதிவரை ஆயிரக்கணக்கில் செய்யப்பட்டு, மதுக்கூடங்களிலும் சோடாக் கடைகளிலும் ஐந்து சென்ட் நாணயத்துக்கு ஆடக் கிடைத்த பின்பால் இயந்திரங்களை, சேகரிப்போர் ‘மரச்சட்ட இயந்திரங்கள்’ எனத் தனிப்பிரிவாக வைத்துப் பேசுகின்றனர். சாய்வாகக் கிடக்கும் ஆடுபலகையை மூடிய கண்ணாடியின் இரு பக்க விளிம்புகளையும் பிடித்திருக்கும் நீண்ட சட்டங்கள் மரத்தாலானவை என்பதே பெயருக்குக் காரணம். 1960-ஐ ஒட்டி அந்த இடத்தை எவர்சில்வர் சட்டங்கள் பிடித்துக்கொண்டன. இன்று எஞ்சியுள்ளவற்றில் பலவற்றின் சட்டங்களிலும் விரல்நுனி அளவிலான கருந்தழும்புகள் காணப்படுகின்றன. ஆட்டத்துக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்ததால் புகைந்துகொண்டிருந்த சிகரெட்டைச் சட்டத்தின் மேல் வைத்தவர்கள், பந்தில் கண் பதிந்து அதை மறந்துபோனதன் சுவடுகள் அவை. இந்தத் தழும்பை இழைத்து எடுப்பதா, இருக்கட்டும் என்று விடுவதா என்ற கேள்வி சிறியதாகத் தோன்றினாலும், செப்பனிடுவோர் இரு கட்சிகளாகப் பிரிவது இந்த இடத்தில்தான்.

பின்பாலின் மூதாதை பாகடெல் என்னும் மேசை ஆட்டம். ஆணிகள் அறைந்த சாய்பலகையில் குண்டை உருட்டிக் குழியில் விழச் செய்யும் அதன் சிறுவடிவம் நம் ஊர்ப் பொம்மைக் கடைகளிலும் விற்பனையான ஒன்றுதான். 1871-இல் சின்சினாட்டி நகரின் மாண்டேகு ரெட்கிரேவ், குண்டைக் கோலால் தள்ளுவதற்குப் பதிலாகச் சுருள்வில் பொருத்திய தண்டால் ஏவும் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். பொருளாதாரப் பெருவீழ்ச்சியின் நடுவே, 1931-இல், டேவிட் காட்லீப் வெளியிட்ட ‘பேஃபில் பால்’ கடை மேசைகளில் வைக்கத்தக்க மலிவான நாணய ஆட்டமாகப் பெரும் விற்பனை கண்டது. அதை வாங்கி விற்றுவந்த ரேமண்ட் மலோனி, தேவைக்கேற்ற சரக்கு கிடைக்காமல், அடுத்த ஆண்டே ‘பேலிஹூ’ என்ற தம் சொந்த ஆட்டத்தைச் செய்யத் தொடங்கினார். பேலி நிறுவனத்தின் பெயர் அந்த ஆட்டத்தின் தலைப்பிலிருந்து வந்தது. ஹாரி வில்லியம்ஸ் 1930களின் முற்பகுதியில் ‘காண்டாக்ட்’ ஆட்டத்தில் மின்காந்தச் சுருளைப் பொருத்தி, குழியில் விழுந்த பந்தைத் தானாக வெளியே உதைத்தெறியச் செய்தார். உலர் மின்கலங்களே அதற்குப் போதுமானவையாக இருந்தன. ஆயினும் இன்று பின்பால் என்றதும் நினைவுக்கு வரும் ஃபிளிப்பர், அதாவது பொத்தானை அழுத்தினால் பந்தை மேல்நோக்கித் தட்டியனுப்பும் சிறு மட்டை, 1947-இல் காட்லீப் நிறுவனத்தின் ‘ஹம்ப்டி டம்ப்டி’யில்தான் வந்தது. ஹாரி மேப்ஸ் வடிவமைத்த அந்த ஆட்டத்தில் ஆறு ஃபிளிப்பர்கள் பலகையின் ஓரங்களில் இருந்தன. அடுத்த ஆண்டு ஸ்டீவ் கோர்டெக், ஜென்கோ நிறுவனத்தின் ‘டிரிபிள் ஆக்‌ஷன்’ ஆட்டத்தில் இரண்டு மட்டும் போதும் என்று அவற்றைப் பலகையின் கீழ்முனையில் வைத்தார். சிக்கனத்தால் பிறந்த அந்த முடிவே பின்னர் இலக்கணமாயிற்று.

இந்த மரச்சட்ட இயந்திரங்களில் பல ஒட்டுப்போட்ட நிலையில் கிடைப்பதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது புதிய இயந்திரங்கள் செய்வது நின்றுபோனதால், பழையவற்றின் ஆடுபலகைக்கு வேறு வண்ணம் பூசி, முகப்புக் கண்ணாடியை மாற்றிப் புதுப் பெயரில் ஓட்டினார்கள். நியூயார்க்கில் மேயர் லா கார்டியா 1942-இல் பின்பாலைச் சூதாட்டமெனத் தடைசெய்து, கைப்பற்றிய இயந்திரங்களைச் சம்மட்டியால் உடைத்தார். அவற்றின் மரக்கால்கள் காவலர்களின் குண்டாந்தடிகளாக மாற்றப்பட்டன. தச்சர் கடைந்த கால் இப்படியும் பயன்பட்டது. அந்நகரின் தடை 1976-இல்தான் நீங்கியது.

மேலும், இவை நெடுங்காலம் நிற்க வேண்டும் என்று யாரும் எண்ணிச் செய்யவில்லை. ஓரிரு ஆண்டுகள் காசு ஈட்டித் தந்துவிட்டுப் புது வரவுக்கு இடம்விட வேண்டியவை என்பதே தொழிற்சாலையின் கணக்கு. கடைகளில் இயந்திரங்களை வைத்து வருமானத்தைப் பங்கிட்டுக்கொண்ட ஆபரேட்டர்களும் பழுதை அந்த மாலைக்குள் ஓட வைத்தால் போதும் என்றே பார்த்தனர். ஆகவே செப்பனிடுபவர் முதலில் படிக்க வேண்டியது இயந்திரத்தை அல்ல, அதன்மேல் முன்பு கைவைத்தவர்களை. எரிந்த ஃபியூஸைச் சுற்றியிருக்கும் சிகரெட் பெட்டியின் ஈயத்தாள், அறுந்த கம்பிக்குப் பதில் ஓடும் வேறு நிறக் கம்பி, சுவிட்சின் இடைவெளியைச் சரிக்கட்டச் செருகிய தீக்குச்சி ஆகியவற்றைக் குறித்துக்கொண்டே உள்ளே போக வேண்டியிருக்கிறது. ஃபியூஸ் கட்டையில் தடித்த செப்புக் கம்பியைச் சுற்றிவைக்கும் வீடுகளை அறிந்த தமிழ் வாசகருக்கு இந்த மனப்பான்மையை விளக்க வேண்டியதில்லை.

இயந்திரத்தின் உள்ளே கணினி இல்லை, டிரான்சிஸ்டரும் இல்லை. மின்மாற்றியிலிருந்து விளக்குகளுக்கு ஆறு வோல்ட் அளவிலும், சுருள்களுக்கு அதைவிடப் பல மடங்கு கூடுதலாகவும் மின்சாரம் பிரிந்துபோக, நினைவு, எண்ணிக்கை, வரிசை எல்லாவற்றையும் சுவிட்சுகளும் சுருள்களும் பற்சக்கரங்களுமே கவனித்துக்கொள்கின்றன. ஒரே ஒரு மதிப்பெண்ணைப் பின்தொடர்ந்தால் இது தெளிவாகும். பந்து பலகையில் பதித்த ஒரு கம்பியின் மேல் உருளும்போது கீழேயுள்ள இதழ்சுவிட்ச், அதாவது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளின் நுனிகள் ஒன்றையொன்று தொட்டு மின்சாரத்தை விடும் அமைப்பு, கண்ணிமைக்கும் நேரம் மூடிக்கொள்கிறது. 50,000 மதிப்பெண்ணுக்காக ஐந்து முறை எண்ணுவதற்கு அந்தச் சிறு தொடுகை போதாது என்பதால், அது முதலில் ஒரு ரிலேயை இழுக்கிறது. ரிலே என்பது ஒரு மின்காந்தச் சுருளும், அது இழுக்கும் தகட்டால் ஒரே நேரத்தில் மூடவும் திறக்கவும் செய்யப்படும் சுவிட்சுகளும் சேர்ந்தது. இழுபட்டவுடன் தன் சுவிட்சுகளில் ஒன்றின் வழியே தனக்கே மின்சாரம் ஊட்டிக்கொண்டு, பந்து போன பின்னும் பிடியை விடாமல் நிற்கிறது. அதன் இன்னொரு சுவிட்ச் மதிப்பெண் மோட்டாரைச் சுழற்ற, மோட்டாரின் அச்சிலுள்ள மேடுபள்ளமான தட்டு ஐந்து துடிப்புகளை அனுப்ப, ஸ்டெப்பிங் யூனிட் எனப்படும் படியேறு சக்கரம் துடிப்புக்கு ஒரு பல்லாக நகர்ந்து, முகப்புக் கண்ணாடிக்குப் பின்னால் 10,000 என்ற விளக்கை அணைத்து 60,000 என்ற விளக்கில் போய் நிற்கிறது. உடன் மணியும் ஐந்து முறை அடிக்கிறது. கடைசியில் மோட்டாரே ரிலேயின் பிடியை விடுவித்து, தானும் நின்றுவிடுகிறது.

இந்த ஒழுங்கை அறிந்தவருக்குக் காதே முதற்கருவி. மணி ஐந்து முறை அடித்தும் விளக்கு நான்கு படி மட்டுமே ஏறினால் குறை சக்கரத்தில் இருக்கிறது. மோட்டார் நிற்காமல் சுழன்றுகொண்டே இருந்தால் ஏதோ ஒரு ரிலே விடுபடாமல் மாட்டிக்கொண்டிருக்கிறது. சக்கரத்தின் குறைக்குப் பெரும்பாலும் காரணம் தேய்மானமன்று, பழைய மசகு. எழுபது ஆண்டுகளுக்கு முன் தடவிய அது பழுப்புப் பசையாக இறுகி, சக்கரத்தை முன்னேற்றும் வில்லின் வலிமையைத் தின்றுவிடுகிறது. அலகை முழுவதும் கழற்றி, நாப்தாவில் துடைத்து, தொடுகைப் புள்ளிகள் பளிச்சிடும்வரை தேய்த்து, அச்சில் மட்டும் துளி மசகிட்டுப் பூட்டினால் போதும். சுருளுக்குள் ஓடும் இரும்புத் தண்டுக்கோ எண்ணெயே ஆகாது. எண்ணெய் தூசியைப் பிடித்துக் களிம்பாகும், களிம்பு தண்டைப் பாதி வழியில் நிறுத்தும், நின்ற தண்டு மின்சாரத்தை வெட்டாமல் விட, சுருள் கருகும்.

சுவிட்சுகளில்தான் ஆர்வலர்கள் அதிகக் கேடு செய்கின்றனர். பெருமின்னோட்டம் பாயும் இடங்களில் டங்ஸ்டன் நுனிகளும், ரிலேக்களில் வெள்ளி நுனிகளும் உள்ளன. கடினமான டங்ஸ்டன் மெல்லிய அரத்தைத் தாங்கும். வெள்ளிக்கு அதே அரத்தை ஓட்டினால் நுனியே தேய்ந்து போகும். அதைவிடப் பெரிய பிழை, காரணம் தெரியாமலே தகடுகளை வளைப்பது. ஒரே ரிலேயில் அடுக்கியிருக்கும் சுவிட்சுகளில் ஒன்று மூடிய பின்பே மற்றொன்று திறக்க வேண்டும் என்ற வரிசை இருக்கக்கூடும். ஒரு தகட்டை அரை மில்லிமீட்டர் தள்ளினாலும் அந்த வரிசை குலையும், குலைந்ததன் விளைவு இயந்திரத்தின் வேறொரு மூலையில் தலைகாட்டும். பழுதை மின்சுற்று வரைபடத்தில் கண்டுபிடித்த பிறகே தகட்டைத் தொடுவது என்ற கட்டுப்பாட்டைத் தேர்ந்தவர்கள் விரதம்போலக் காக்கின்றனர். வரைபடம் பெரிய தாளில் மடித்து இயந்திரத்தின் உள்ளேயே வைக்கப்பட்டிருந்தது. எலிகளுக்கு அது கூடு கட்டும் பொருளாயிற்று என்பது வேறு விஷயம்.

துணியுறை போட்ட பழைய மின்கம்பியில் நில இணைப்பு கிடையாது. உறை பொடிந்துவிட்ட அந்த வடத்தை மாற்றி, மூன்று முனைச் செருகியும், உரிய அளவுள்ள ஃபியூஸும் போடுவதில் பழமைப்பற்றுக்கு இடமில்லை.

ஆடுபலகை வேறு வகைப் பொறுமையைக் கேட்கிறது. மேப்பிள் மர முகப்புடைய ஒட்டுப்பலகையில் பட்டுத்திரை அச்சாக வண்ணங்களைப் பதித்து, மேலே லாக்கர் பூசியிருப்பார்கள். 27 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகுப் பந்து பல்லாயிரம் முறை உருண்ட தடங்களில் லாக்கரும் வண்ணமும் கரைந்து, வெறும் மரம் அழுக்கேறிக் கறுத்திருக்கும். மற்ற இடங்களிலோ மரம் சுருங்கி விரிந்ததால் வண்ணம் மர இழையின் திசையில் மெல்லிய கோடுகளாக வெடித்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வரைந்து, வாகனங்களுக்கு அடிக்கும் இரு கலவைப் பூச்சைக் கண்ணாடிபோல் அடித்துவிடுவது ஒரு வழி. பலகை பளபளக்கும், பந்து முன்னெப்போதும் ஓடாத வேகத்தில் ஓடும், காட்லீப் ஆட்டங்களின் ஓவியர் ராய் பார்க்கரின் கோடுகள் இருந்த இடத்தில் வேறொருவரின் கோடுகள் இருக்கும். மற்றொரு வழி, நாப்தாவால் பழைய மெழுகை எடுத்து, வெறும் மரம் தெரியும் இடங்களை மட்டும் பிற்காலத்தில் கழுவி எடுக்கத்தக்க வண்ணத்தால் நிரவி, கார்னூபா மெழுகைப் பூசி, இறுகிப்போன ரப்பர் வளையங்களை மாற்றுவது. மரம் பஞ்சுபோல் பிய்ந்துபோன பலகைக்கு முதல் வழியைத் தவிர வேறு இல்லை என்பது உண்மைதான். ஆனால் ஆடத்தக்க நிலையிலுள்ள பலகைகளும் அதே கதிக்கு ஆளாகின்றன என்பதே குறை.

முகப்புக் கண்ணாடிக்கு இந்தத் தேர்வுகூடக் கிடையாது. காட்லீப் ஆட்டங்களுக்குப் பார்க்கர் தீட்டிய நெரிசலான, குறும்பு நிறைந்த காட்சிகள் கண்ணாடியின் பின்புறத்தில், முன்னே தெரிய வேண்டிய நிறம் முதலிலும் ஒளியை மறைக்கும் பூச்சு கடைசியிலுமாகத் தலைகீழ் வரிசையில் அச்சிடப்பட்டவை. பின்னாலுள்ள விளக்குகளின் வெப்பமும் குளிர்ந்த கிடங்கின் ஈரமும் மாறி மாறித் தாக்கும்போது வண்ணம் கண்ணாடியின் பிடியை விட்டுச் செதில் செதிலாக உரிகிறது. விரலால் தொட்டாலே உதிரும். எனவே துடைக்காமலும் அழுத்தாமலும் கிடத்தி, தெளிவான அக்ரிலிக் பூச்சைத் தூவி உரிவதை அந்நிலையிலேயே நிறுத்துவதைத் தவிர அதிகம் செய்வதற்கில்லை. பிறகு விளக்குகளைக் கவனிக்க வேண்டும்: 6.3 வோல்ட்டில் 0.25 ஆம்பியர் இழுக்கும் 44-ஆம் எண் விளக்குகளுக்குப் பதில் 0.15 ஆம்பியர் மட்டுமே இழுக்கும் 47-ஆம் எண் விளக்குகளைப் போட்டால் வெப்பம் கணிசமாகக் குறையும். ஒளி சற்று மங்கும், ஓவியம் தங்கும்.

ஆக, ஒரே பெட்டிக்குள் இரண்டு நீதி வேண்டியிருக்கிறது. பார்வைக்குப் படாத உட்பகுதி புதிதாய் வந்த நாளின் சுறுசுறுப்போடு இயங்க வேண்டும். அசையாத ரிலேயில் பழமையின் அழகு ஏதும் இல்லை. கலிஃபோர்னியாவின் அலமேடா நகரிலுள்ள பசிஃபிக் பின்பால் அருங்காட்சியகத்தில் பழைய இயந்திரங்களை நுழைவுக் கட்டணம் செலுத்தியவர்கள் ஆடவே செய்கின்றனர், தேய்மானம் அங்கே இன்றும் தொடர்கிறது. ஆனால் கண்ணுக்குப் படும் மேற்பரப்பில் செப்பனிடுபவர் எவ்வளவு குறைவாகச் செய்கிறாரோ அவ்வளவு நல்லது. சட்டத்தின் மூட்டு அசைந்தால் பசையிட்டு இறுக்கலாம், கையழுக்கைக் கழுவி மெழுகிடலாம். தழும்பை எடுக்கவேண்டுமென்றாலோ அது ஆழமாக எரிந்திருப்பதால் சட்டம் முழுவதையும் சில மில்லிமீட்டர் இழைத்தாக வேண்டும். அதன்பின் சட்டம் பெட்டியின் விளிம்போடு பொருந்தாது, கையுறை போட்டதுபோல் அந்நியமாக நிற்கும். சூட்டுத் தழும்பைச் சொறியாமல் விடுவதே இங்குத் தச்சு அறிவுக்கும் உகந்தது.

எல்லாம் முடிந்தபின் கால்களைப் பொருத்தி, ரசமட்டத்தைப் பலகையின் குறுக்கே வைத்து, காலடித் திருகுகளைத் திருகி இடவலத்தைச் சமன்செய்கின்றனர். முன்பின் சாய்வு மூன்றரைப் பாகை அளவில் இருந்தால் போதும். இன்றைய இயந்திரங்களின் ஆறரைப் பாகைக்குப் பழகியவர்கள் அதை உயர்த்திவிட்டுப் பந்து பறக்கிறது என்று குறைப்படுவதுண்டு. கடைசி வேலை டில்ட் எனப்படும் காவல் அமைப்பு. ஆடுபவர் பெட்டியை மட்டுமீறி உலுக்கினால், தொங்கும் ஊசல்குண்டு சுற்றியுள்ள வளையத்தைத் தொட்டு ஆட்டத்தை முடித்துவிடும். ஊசலை ஏற்றினாலும் இறக்கினாலும் அந்த இடைவெளி மாறுகிறது. உள்ளங்கையால் சட்டத்தை ஒருமுறை தட்டி, குண்டு வளையத்தைத் தொடாமல் ஆடி அடங்குவதைப் பார்த்துத் திருகை இறுக்குகின்றனர். பிறகு கண்ணாடியைச் சட்டங்களுக்கு இடையே தள்ளி மூடுகின்றனர்.