ஆஞ்சியோகிராமுக்கு முன் சில கேள்விகள்

நோயாளியின் மணிக்கட்டில் இரண்டு தமனிகளையும் செவிலியர் விரலால் அழுத்திப் பிடிக்கிறார். கையை இறுக்கி மூடித் திறக்கச் சொல்கிறார். உள்ளங்கை வெளிறிப்போகிறது. இப்போது சுண்டுவிரல் பக்கத் தமனியை மட்டும் விடுவிக்கிறார். சில நொடிகளில் கை மறுபடி சிவந்தால், அந்த ஒரு தமனியே கைக்கு ரத்தம் கொடுக்கப் போதும் என்று அர்த்தம். கட்டைவிரல் பக்கத் தமனி வழியாக இதயத்துக்குக் குழாயைச் செலுத்தலாம். ஆலன் சோதனை எனப்படும் இதைப் பல மருத்துவமனைகளில் ஆஞ்சியோகிராமுக்கு முன் செய்கிறார்கள்.

இதயத்துக்குள் குழாய் விட முடியும் என்று 1929-இல் காட்டியவர் ஜெர்மனியின் வெர்னர் ஃபோர்ஸ்மான். தன் கைச் சிரை வழியாகவே 65 செ.மீ. குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய்ப் படமும் எடுத்தார். 1956-இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இதயத் தமனிக்குள் நேரடியாகச் சாயம் செலுத்திப் படமெடுக்கும் இந்த ஆஞ்சியோகிராமை 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மேசன் சோன்ஸ் தொடங்கிவைத்தார். இன்றைய குழாயின் தடிமன் சுமார் 2 மில்லிமீட்டர்தான்.

ஆனால் பாதுகாப்பில் பெரும்பங்கு, முன்கூட்டியே கேட்கப்படும் கேள்விகளில் இருக்கிறது.

சிறுநீரகம் எப்படி? அயோடின் கலந்த அந்தச் சாயம் சிறுநீரில்தான் வெளியேற வேண்டும். அதனால்தான் கிரியாட்டினின் பரிசோதனை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா? சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் அதைச் சில நாள் நிறுத்திவைப்பார்கள். வார்ஃபரின் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உண்டா? முன்பு ஸ்கேனுக்குச் சாயம் போட்டபோது உடம்பெல்லாம் தடித்ததா, மூச்சு முட்டியதா? எந்த மாத்திரையையும் நோயாளி தானாக நிறுத்தக் கூடாது. எல்லா மாத்திரை அட்டைகளையும் கொண்டுபோய்க் காட்டுவது நல்லது.

அடுத்தது, பயம். பெரும்பாலும் மயக்க மருந்து கிடையாது. மணிக்கட்டில் மரத்துப்போகும் ஊசி மட்டும். அது சுருக்கென்று வலிக்கும். பிறகு குழாய் உள்ளே போவது பெரும்பாலோருக்குத் தெரிவதில்லை. சாயம் பாயும்போது சில நொடிகள் உடம்பு சூடாகும். சிறுநீர் கழிந்துவிட்டதோ என்றுகூடத் தோன்றும். இதை முன்பே சொல்லிவைத்தால் மேசையில் படுத்திருப்பவர் பதறமாட்டார்.

ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் நோயாளியும் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: தமனியில் அடைப்பு இருந்தால் அதைத் திறந்துவைக்கும் ஸ்டென்ட்டை அப்போதே வைத்துவிடுவார்களா, வெளியே வந்தபின் பேசி முடிவெடுக்கலாமா? மாரடைப்பு வந்தவருக்குத் தாமதிக்க நேரமிருக்காது. மற்றவர்களுக்கு மாத்திரை, ஸ்டென்ட், பைபாஸ் என வழிகள் உண்டு. அவற்றைக் குடும்பத்தோடு உட்கார்ந்து பேச முந்தைய நாளே ஏற்ற நேரம்.