புதிய பாடசாலையில் விளையாட்டு அணியில் சேருதல்

தமிழ்நாட்டிலிருந்தோ வன்னியிலிருந்தோ திரும்பி, பதுளை மாவட்டத் தோட்டங்களில் குடியேறும் பெற்றோர் பலர், “முதலில் படிப்பு சரியாகட்டும், விளையாட்டைப் பிறகு பார்க்கலாம்” என்று நினைக்கிறார்கள். அப்படித் தள்ளிப்போட வேண்டாம். பாடசாலையில் சேர்த்த வாரத்திலேயே விளையாட்டைப் பற்றியும் விசாரியுங்கள்.

ஏன் உடனே?

தமிழ்நாட்டில் படித்த பிள்ளைக்கு இங்கே சிங்களம் புதுப் பாடம். வரலாற்றுப் புத்தகமும் வேறு. முதல் சில மாதங்கள் வகுப்பில் பின்தங்குவது இயல்பு. மைதானத்தில் அந்தக் குறை தெரியாது. நண்பர்களும் அங்கேதான் விரைவில் கிடைப்பார்கள். 5 முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். ஆயினும் தரம் 9, 10இல் வந்து சேரும் பிள்ளைகள் மனம் சோர்ந்து இடைவிலகும் ஆபத்து உண்டு. பாடசாலையில் தனக்கும் ஓர் இடம் உண்டு என்று உணரும் பிள்ளை எளிதில் நின்றுவிடாது.

எப்படிச் சேருவது?

1. பிள்ளை எந்த இல்லத்தில் சேர்க்கப்பட்டுள்ளது என்று வகுப்பாசிரியரிடம் கேளுங்கள். மாணவர்களை இல்லங்களாகப் பிரித்தே இல்ல விளையாட்டுப் போட்டி நடத்தப்படும். இல்லத்தில் சேருவதற்குத் திறமை பார்ப்பதில்லை.

2. பாடசாலை அணியில் சேர, விளையாட்டுப் பொறுப்பாசிரியரைச் சந்தியுங்கள். பயிற்சி நாட்களையும் தெரிவு நடக்கும் காலத்தையும் அவர் சொல்வார். தெரிவானவர்கள் வலய, மாகாண, தேசிய மட்டப் போட்டிகளுக்குப் படிப்படியாகச் செல்லலாம்.

3. சப்பாத்து வாங்கக் கடன் பட வேண்டாம். எது கட்டாயம், எது பாடசாலையில் கிடைக்கும் என்று முதலில் கேளுங்கள்.

சொற்கள் மாறும்

தமிழ்நாட்டில் கைப்பந்து என்பது இங்கே கரப்பந்து, கால்பந்து உதைபந்து, தடகளம் மெய்வல்லுநர் போட்டி. “எல்லே” என்பது மட்டையால் பந்தடித்து ஓடும் இந்நாட்டு விளையாட்டு. அதை முன்பு ஆடியிராத பிள்ளையும் பழகிக்கொள்ளலாம். எல்லா விளையாட்டும் எல்லாப் பாடசாலையிலும் இராது. உதாரணமாக, துடுப்புப் படகோட்டத்திற்கு நீர்நிலையும் படகும் வேண்டும். கொழும்புப் பாடசாலைகள் சில பேரே வாவியில் அதைப் பயில்கின்றன. உங்கள் பாடசாலையில் இருப்பதிலிருந்து தொடங்குங்கள்.

தேவையான பத்திரங்கள்

பயிற்சிக்குப் போகப் பொதுவாகப் பத்திரம் கேட்பதில்லை. வெளிப் போட்டிகளில் வயதுப் பிரிவுப்படியே பெயர் பதிவதால் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இந்தியாவில் பிறந்த பிள்ளைக்கு அங்கு பெற்ற பிறப்புச் சான்றிதழையும் இலங்கைக் குடியுரிமைப் பதிவுப் பத்திரத்தையும் பிரதி எடுத்து வையுங்கள். குடியுரிமைப் பதிவு முடியாவிட்டால் குடிவரவு, குடியகல்வு திணைக்களத்தில் விண்ணப்பியுங்கள். இலங்கையில் பிறந்தும் பதியப்படாத பிள்ளைக்குப் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரை நாடுங்கள். இவற்றுக்குக் காலம் எடுக்கும். பெயர் பதியும் தருணத்தில் ஓடினால் அந்த ஆண்டுப் போட்டி தவறிவிடும். அடுத்த ஆண்டு பிள்ளை மூத்த பிரிவுக்குப் போய்விடவும் கூடும்.

வீடு திரும்பும் வழி

பாடசாலை பிற்பகல் 1.30க்கு விட்டதும் பயிற்சி தொடங்கலாம். தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதைப் பொறுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். ஒரே தோட்டத்துப் பிள்ளைகள் சேர்ந்து வர ஏற்பாடு செய்யுங்கள். ஒக்டோபர் முதல் ஜனவரி வரை மழை அதிகம். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயன்களை மூடியதை மறக்க வேண்டாம். மண்சரிவு எச்சரிக்கை உள்ள நாளில் பயிற்சிக்கு அனுப்பாதீர்கள்.

பெண் பிள்ளைகள் வெளியூர்ப் போட்டிக்குப் போகும்போது உடன் செல்லும் ஆசிரியை யார், திரும்பும் நேரம் எது என்று கேட்பது உங்கள் உரிமை. பதில் தெரிந்தால் தயக்கமின்றி அனுப்பலாம்.

தடை ஏற்பட்டால்

“புதிதாக வந்தவர்” என்பதற்காகப் பிள்ளையை ஒதுக்கினால் முதலில் அதிபரிடம் பேசுங்கள். அங்கு தீராவிட்டால், உங்கள் வலயக் கல்வி அலுவலகத்தில் உடற்கல்விக்குப் பொறுப்பான அதிகாரியிடம் எழுத்தில் கொடுத்து, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.