எந்தத் தண்டை வெட்டுவது?

ஸ்காட்லாந்தின் கிழக்கே, டே ஆற்றை ஒட்டிய பெர்த்ஷயரிலும் ஆங்கஸிலும் ராஸ்பெர்ரி வளர்க்கப் பெரிய வித்தை எதுவும் வேண்டாம். சுடாத கோடை, நீண்ட பகல், தண்ணீர் தேங்காத மண் எல்லாமே அந்தச் செடிக்கென்று அமைந்தவை. பிளேர்கௌரி என்ற சிற்றூருக்குப் பேர் வாங்கிக் கொடுத்ததே இந்தப் பழம்தான்.  

இவ்வளவு தோதான சீமையிலும் வீட்டுக் கொல்லையில் செடி வைத்தவர்களிடம் ஒரு புலம்பலைக் கேட்கலாம். "காடாய் வளர்ந்து நிற்கிறது, பழம்தான் இல்லை." உரம் போதவில்லை, மண் சரியில்லை என்று காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி கையில் இருக்கும் கவாத்துக் கத்தரிதான்.

ராஸ்பெர்ரியின் வேர் பல ஆண்டுகள் வாழும். தண்டின் ஆயுள் இரண்டே ஆண்டு. வாழையை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். குலை தள்ளிய மரம் அத்தோடு சரி, பக்கத்தில் கிளம்பிய கன்று தொடரும். ஒரே வித்தியாசம், ராஸ்பெர்ரிக் கன்று காய்ப்பதற்கு நடுவே ஒரு குளிர்காலத்தைக் கடந்தாக வேண்டும். முதல் ஆண்டில் தண்டு ஆளுயரத்துக்கும் மேலே போகும். இலை மட்டும் விடும். செப்டம்பரில் பகல் சுருங்கி, வெப்பம் 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கியதும் இலைக் கணுக்களில் உள்ள மொட்டுகளுக்குள் பூவின் கரு உருவாகிறது. வெளியே ஒன்றும் தெரியாது. பிறகு உறக்கம். உறைநிலைக்கும் 7 டிகிரிக்கும் இடைப்பட்ட குளிரில், இரகத்தைப் பொறுத்து, 800 முதல் 1,600 மணி நேரம் கழித்த பிறகே அந்த மொட்டு ஒழுங்காக விழிக்கும். அடுத்த கோடையில் பூத்து, காய்த்து, தண்டு பட்டுப்போகும். ஆகவே, இலை உதிர்ந்து குச்சியாய் நிற்பதைப் பார்த்து, "காய்ந்துவிட்டது" என்று டிசம்பரில் மொத்தத்தையும் வெட்டுகிறவர் அடுத்த ஆண்டின் பழத்தைத்தான் வெட்டி எறிகிறார்.

சென்னை மொட்டைமாடிக்கு ராஸ்பெர்ரிக் கன்று வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கும் பதில் இந்தக் குளிர்க் கணக்கில்தான் இருக்கிறது. வேண்டாம். நீலகிரி, பழனி மலைகளின் சரிவுகளில் இதே ரூபஸ் பேரினத்தைச் சேர்ந்த காட்டு உறவுகள் முள்ளும் பழமுமாய்த் தாமாகவே வளர்கின்றன. மைசூர் ராஸ்பெர்ரி எனப்படும் ரூபஸ் நிவியஸ், குளிரை அதிகம் கேட்காததால் புளோரிடாவில்கூட வளர்க்கப்படுகிறது. அதே செடி காலபகஸ் தீவுகளில் அடக்க முடியாத களையாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சரி, எதை வெட்டுவது? ஆகஸ்டில் பறிப்பு முடிந்ததும் புதருக்குள் கையை விட்டு விலக்கிப் பாருங்கள். காய்த்த தண்டின் பட்டை பழுப்பேறி, உரிந்து கிடக்கும். அதன் பக்கக் கிளைகளின் நுனிகளில் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்னக் கூம்புகள் நிற்கும், பழம் கழன்றுபோன காம்புகள் அவை. அருகே நிற்கும் இளந்தண்டு பச்சையாக, கிளையின்றி நேராக இருக்கும். கூம்புள்ளதை மண்ணோடு மண்ணாக வெட்டிவிட வேண்டும். விரற்கடை உயரத்துக்குக் கட்டை விட்டாலும் அது தண்டுக் கருகல் பூஞ்சைக்குக் குடியிருப்பாகும். வெட்டியதை எருக்குழியில் போடாமல் அப்புறப்படுத்துவது நல்லது. இளந்தண்டுகளிலும் எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளும் ஆசை வேண்டாம். செடிக்கு ஆறு முதல் எட்டு, கம்பியில் 10 சென்டிமீட்டருக்கு ஒன்றாகக் கட்டினால் போதும். நெருக்கம் கூடினால் காற்றுப் புகாது, பழம் பறிப்பதற்குள் பூசணம் பிடிக்கும்.

இந்த வயதுக் கணக்கே வேண்டாம் என்பவர்களுக்கென்று இலையுதிர்கால இரகங்கள் இருக்கின்றன. நியூயார்க் மாநிலத்து ஜெனீவா ஆய்வு நிலையம் 1969-ல் வெளியிட்ட 'ஹெரிடேஜ்', இங்கிலாந்தின் ஈஸ்ட் மாலிங்கில் உருவான 'ஆட்டம் பிளிஸ்' இரண்டும் அந்த வகை. இவற்றின் தண்டு முளைத்த ஆண்டிலேயே நுனிப்பகுதியில் பூத்துவிடும். பிப்ரவரியில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் தரைமட்டமாக மொட்டையடிக்கலாம். ஆகஸ்டு முதல் பனி இறுகும்வரை பழம் வரும். காய்த்த நுனியை மட்டும் நறுக்கிவிட்டு அடிப்பாகத்தை விட்டுவைத்தால், அதுவே மறுகோடையிலும் கொஞ்சம் காய்க்கும். இருபோகம் என்று மகிழலாம், ஆனால் இரண்டாவது போகத்துக்கு ஆசைப்பட்டு முதலாவதை மெலியவிடுவது எனக்கு உடன்பாடில்லை. முதல்முறை வளர்ப்பவருக்கு மொட்டையடிக்கும் இரகமே உகந்தது.

நடுவதில் சிரமம் இல்லை. குளிர்காலத்தில் வெறும் வேரோடு விற்கும் கன்றுகளை வாங்கி, அரை மீட்டர் இடைவெளியில், ஆழமில்லாமல் நட்டு, மக்கிய எருவால் மூடாக்குப் போட வேண்டும். கொஞ்சம் புளிப்பான மண் பிடிக்கும். களிமண்ணாக இருந்தால் மேட்டுப்பாத்தி கட்டாயம், நின்ற தண்ணீரில் பைட்டாப்தோரா என்ற வேரழுகல் நோய் செடியை ஒரே பருவத்தில் முடித்துவிடும். முள் உறுத்துகிறதே என்பவர்களுக்கு டண்டீ அருகே இன்வர்கௌரி ஆய்வு நிலையத்தில் பிறந்த 'க்ளென் மோய்', 'க்ளென் ஆம்பிள்' போன்ற முள்ளில்லா இரகங்கள் உண்டு.

பழத்தைப் பற்றிச் சொல்லாமல் பறிப்பைச் சொல்ல முடியாது. ஒரு பூவில் 70, 80 சூலகங்கள், சிலவற்றில் 100-ஐத் தாண்டும். ஒவ்வொன்றும் மகரந்தம் பெற்று, தனித்தனியே மாம்பழம் போன்ற அமைப்பில், தோலும் சதையும் நடுவில் விதையுமாகக் குட்டிக் கனியாகிறது. நாம் ஒரு பழம் என்று வாயில் போடுவது ஒரு கூட்டத்தை. இந்தக் குட்டிக் கனிகளைக் கோத்துப் பிடித்திருப்பது பசையல்ல. ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட நுண்மயிர்கள். பூக்கும் நாட்களில் மழை பெய்து தேனீக்கள் வராமல் போனால் சில சூலகங்கள் கருக்கட்டாது. பின்னல் விட்டுப்போய், பழம் கையில் உதிரும். நல்ல காலநிலையிலும் ஆண்டுதோறும் உதிர்ந்தால் மகரந்தம் வழியே பரவும் புதர்க்குட்டை வைரஸைச் சந்தேகிக்க வேண்டும். அந்தச் செடியைப் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

பழுத்ததும் கனிக்கும் நடுக்கூம்புக்கும் இடையே பிடி தளர்கிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டாலே தொப்பிபோலக் கழன்று வரும், உள்ளே வெற்றிடம். இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் நாளாகவில்லை என்று பொருள். செக்கச்செவேலென்று இருக்கிறதே என்று ஏமாந்து பறித்தால் வீட்டில் வைத்துப் பழுக்க வைக்கவும் முடியாது. செடியை விட்டு வந்தபின் நிறம் கொஞ்சம் கருக்கும், இனிப்பு ஏறாது.

இரண்டு நாளுக்கு ஒருமுறை, பனி உலர்ந்த காலையில், அகலமான தட்டில் இரண்டடுக்குக்கு மேல் சேராமல் பறிப்பது வழக்கம். நாள் கடத்தினால் புள்ளிச்சிறகுப் பழ ஈ முந்திக்கொள்ளும். ஆசியாவிலிருந்து 2008-ல் கலிபோர்னியாவுக்கும் தென் ஐரோப்பாவுக்கும் வந்து, 2012-ல் இங்கிலாந்தில் தென்பட்ட பூச்சி இது. இதன் நெருங்கிய உறவு ஈக்கள் பெரும்பாலும் அழுகியதைத் தேடும். இதன் பெண் ஈயோ ரம்பம் போன்ற முட்டையிடும் உறுப்பால் பழுத்துவரும் பழத்தையே கீறி முட்டை வைக்கும். கனிந்ததையெல்லாம் விடாமல் பறிப்பதும், உதிர்ந்ததை அன்றே பொறுக்குவதும்தான் வீட்டுத் தோட்டத்தில் எளிதில் கைகூடும் காப்பு.

பறித்ததைக் கழுவாமல் குளிர்பெட்டியில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும், சாப்பிடும்போது கழுவிக்கொள்ளலாம். மிஞ்சியதைத் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, கல்லானபின் பையில் போட்டால் குளிர்காலம் முழுக்க வரும். ஜாமுக்கென்றால் முழுக்கக் கனியாத சிலவற்றையும் சேர்த்துப் போடுவார்கள். அவற்றில் பெக்டின் அதிகம், சீக்கிரம் இறுகும்.